அலமாரியில் அமர்ந்த எல்ஃப்: வீட்டுக்குச் சரி, வகுப்பறைக்கு?

அமெரிக்காவில் நவம்பர் பிறந்துவிட்டால் டார்கெட், வால்மார்ட் போன்ற கடைகளுக்குள் நுழையும் எவர் கண்ணிலும் படாமல் போகாத பெட்டி ஒன்று உண்டு. அதனுள்ளே ஒரு படக்கதைப் புத்தகமும், சிவப்பு உடையும் கூர்தொப்பியும் அணிந்து ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிக்கும் ஒல்லியான துணிப்பொம்மை ஒன்றும் இருக்கும். விலை சுமார் 30 டாலர். எல்ஃப் ஆன் தி ஷெல்ஃப் (எல்ஃப் என்பது கிறிஸ்துமஸ் தாத்தாவான சான்டாவுக்கு உதவும் கற்பனைக் குள்ள உருவம்) என்னும் இந்தப் பெட்டியைப் பற்றிப் பெற்றோர்கள் எழுதிய மதிப்புரைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை பெரும்பாலும் வீட்டில் அது எப்படிப் பயன்பட்டது என்பதைப் பற்றியவை. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் பலர் இதே பொம்மையைத் தங்கள் கைக்காசு போட்டு வாங்கி, நன்றி நவிலல் நாள் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் வகுப்பறையில் உட்கார வைக்கிறார்கள். நியூ ஜெர்ஸியில் அரசுப் பள்ளி ஒன்றில் முதல் வகுப்புப் படிக்கும் என் மகளின் வகுப்பிலும் சென்ற டிசம்பரில் ஒன்று இருந்தது. வகுப்புக்கு உதவும் பெற்றோர்களில் ஒருவராக அவ்வப்போது உள்ளே போய்வந்ததால், வகுப்பறைப் பொருள் என்ற வகையில் இதை மதிப்பிட்டு எழுதலாம் என்று தோன்றியது.

இந்த மரபு பழமையானதுபோல் தோற்றம் காட்டினாலும் வயது மிகக் குறைவு. ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த கேரல் ஏபர்சோல்டும் அவருடைய மகளும் எழுதிய கதையைப் பதிப்பகங்கள் ஏற்காத நிலையில், 2005இல் குடும்பமாகச் சேர்ந்து தாங்களே அச்சிட்டு விற்கத் தொடங்கினார்கள். 2012இல் நியூயார்க்கில் மேசீஸ் கடை நடத்தும் நன்றி நவிலல் நாள் ஊர்வலத்தில் இந்த எல்ஃப் பெரும் பலூனாக மிதந்தது. கதையின் விதிகள் எளியவை. பிள்ளைகள் பெயர் சூட்டியதும் எல்ஃபுக்கு மந்திர சக்தி வந்துவிடும். பகல் முழுவதும் அது அசையாமல், பேசாமல் அமர்ந்து பிள்ளைகளின் நடத்தையைக் கவனிக்கும். இரவில் வட துருவத்துக்குப் பறந்துபோய்ச் சான்டாவிடம் அனைத்தையும் ஒப்பித்துவிட்டு, விடிவதற்குள் திரும்பிவந்து வேறோர் இடத்தில் அமர்ந்திருக்கும். பிள்ளைகள் அதைத் தொட்டால் மந்திர சக்தி போய்விடும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு சான்டாவோடு கிளம்பிப்போய் அடுத்த ஆண்டுதான் வரும்.

பொம்மையாகப் பார்த்தால் இதில் பெரிய குறை சொல்வதற்கில்லை. முகம் கெட்டியான பிளாஸ்டிக், உடல் துணி, கைகால்கள் நீளமாகவும் மெலிதாகவும் இருக்கும். வெளிர் நிறத்திலும் அடர் நிறத்திலும் ஆண், பெண் எனத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்பதால், எல்லா நிறத்துப் பிள்ளைகளும் உள்ள வகுப்பில் அந்த அளவுக்கு யோசித்திருக்கிறார்கள் என்று பாராட்டலாம். நான் பார்த்த பொம்மையின் உடலுக்குள் கம்பி இல்லை. அதனால் தானாக நிற்காது, எதிலாவது சாய்த்து உட்கார வைக்க வேண்டும், அல்லது நூலால் கட்டித் தொங்கவிட வேண்டும். வீட்டில் இது பொருட்டே இல்லை. வகுப்பறையில் உயரமான இடம் தேடும் ஆசிரியர் கூரையில் உள்ள தீயணைப்பு நீர்த்தூவியில் எதையும் தொங்கவிடக் கூடாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மாவைக் கொட்டிப் பனி என்று காட்டுவது, மிட்டாயைச் சிதறவிட்டு எல்ஃபின் குறும்பு என்று சொல்வது போன்ற வழக்கமான வேடிக்கைகள், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கும் அறையில் செய்யத் தக்கவையும் அல்ல. என் மகளின் வகுப்பில் அது ஒருநாள் புரொஜெக்டரின் மேல் குதிரையேற்றம் செய்தது, இன்னொரு நாள் மேசை விளக்கில் தொப்பி மாட்டியிருந்தது, வேறொரு நாள் பென்சில் சீவும் கருவிக்குள் காலை விட்டுக்கொண்டிருந்தது. காலையில் வகுப்புக்குள் வரும் பிள்ளைகள் பையைக்கூடக் கழற்றாமல் அது எங்கே என்று தேடும் அந்த ஐந்து நிமிடக் கலகலப்பு உண்மையானது. அதை நான் மறுக்க மாட்டேன்.

சிக்கல், அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு தொடங்குகிறது. பெட்டியில் உள்ள கதையின் மையம் ஒளிந்து விளையாடுவது அல்ல. கண்காணித்து மேலிடத்தில் சொல்வது. வகுப்பறையில் அந்தப் பகுதிதான் முன்னுக்கு வருகிறது. ஆசிரியர்கள் தாங்களே தயாரித்த பாடத்தாள்களை விற்கும் இணையச் சந்தைகளில், எல்ஃப் எழுதிய வருகைக் கடிதம், தினசரி நடத்தை அறிக்கை, பரிசு பெறத் தக்க பிள்ளைகளைச் சான்டா குறித்துவைப்பதாகச் சொல்லும் நல்ல பட்டியல், அடம்பிடித்தவர்களுக்கான கெட்ட பட்டியல் என்று இதற்கெனவே தாள்கள் கிடைக்கின்றன. விடுமுறை நெருங்க நெருங்கப் பிள்ளைகள் இருப்புக்கொள்ளாமல் துள்ளுவார்கள், வெளியே குளிர் என்பதால் விளையாட்டு நேரமும் அறைக்குள்ளேயே கழியும், இருபதுக்கும் மேற்பட்ட ஆறு வயதுப் பிள்ளைகளை ஒற்றை ஆளாக அமர வைத்துப் பாடம் நடத்துவது எவ்வளவு கடினம் என்பது தெரிந்தவர்கள் ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டார்கள். ‘எல்ஃப் பார்த்துக்கொண்டிருக்கிறது’ என்ற ஒரே வாக்கியத்தில் வரிசை நேராகிறது என்றால், களைத்துப்போன எந்த மனிதரும் அதைப் பயன்படுத்தத்தான் செய்வார். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இந்த உத்தி புதிதும் அல்ல. ஆனால் அதைச் சொன்னவர்கள் நம் பாட்டியும் அத்தையும். நம்மைப் பெற்று வளர்க்கும் குடும்பத்தின் நம்பிக்கைக்குள் நின்று சொன்னார்கள். அரசு ஊதியம் பெறும் ஆசிரியர், பலவகை வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளைப் பார்த்து அதைச் சொல்லும்போது பொருள் மாறிவிடுகிறது.

கனடாவைச் சேர்ந்த கல்வியியல் பேராசிரியர் லாரா பின்டோ, 2014இல் இன்னோர் ஆய்வாளரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், இந்தப் பொம்மை கண்காணிக்கப்படுவதை இயல்பான ஒன்றாகப் பிள்ளைகளை ஏற்கவைக்கிறது என்று வாதிட்டார். பொம்மைக்கு இவ்வளவு பெரிய தத்துவமா என்று பலர் நகைத்தார்கள். வீட்டைப் பொறுத்தவரை எனக்கும் அது சற்று மிகையாகவே படுகிறது. வகுப்பறையைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் உள்ள நுட்பமான ஒரு புள்ளி எனக்கு முக்கியமாகப் படுகிறது: பிள்ளைகளின் கற்பனை விளையாட்டு என்றால் அதன் விதிகளைப் பிள்ளைகளே உருவாக்குவார்கள், மாற்றுவார்கள், வேண்டாமென்றால் நிறுத்துவார்கள். இந்தப் பொம்மையிலோ விதிகள் பெட்டிக்குள் அச்சிடப்பட்டு வருகின்றன. தொடக்கூட அனுமதி இல்லை. பள்ளியில் குழந்தைகள் வீடு கட்டி விளையாடும் மூலையையும் கடை வைத்து விளையாடும் மூலையையும் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். அங்கே ஒரு கட்டையைக் கைப்பேசியாகப் பிடித்துப் பேசும் பிள்ளைக்கு அது கட்டை என்று தெரியும். தெரிந்தே பேசுவதில்தான் மகிழ்ச்சி இருக்கிறது. எல்ஃப் விஷயத்தில் பாவனை செய்பவர் பெரியவர் மட்டுமே.

பிள்ளைகள் ஏமாளிகள் என்பதால் நம்புகிறார்கள் என்று எண்ணுவது தவறு. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜாக்குலின் வூலியும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மழலையர் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் அதுவரை யாருமே கேள்விப்பட்டிராத மிட்டாய்ச் சூனியக்காரி ஒருத்தியை அறிமுகப்படுத்தினார்கள். பிள்ளைகள் வீடுவீடாகப் போய் மிட்டாய் சேர்க்கும் ஹாலோவீன் இரவில், அந்த மிட்டாயை எடுத்துக்கொண்டு பொம்மையை வைத்துவிட்டுப் போவாள் என்பது கதை. சில வீடுகளில் பெற்றோர்கள் உண்மையிலேயே மிட்டாயை மாற்றிப் பொம்மையை வைத்தார்கள். அவ்வாறு ‘வந்துபோன’ வீடுகளில், சற்றுப் பெரிய பிள்ளைகளின் நம்பிக்கைதான் கூடுதலாக இருந்தது. அதாவது சிந்திக்கத் தெரிந்த பிள்ளைதான் பெரியவர்கள் வைத்த தடயத்தைச் சான்றாக எடுத்துக்கொண்டு நம்பியது. இதை வகுப்பறையில் பொருத்திப் பாருங்கள். அறிவியல் நேரத்தில் ‘உனக்கு எப்படித் தெரியும், எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?’ என்று கேட்டுப் பழக்கும் அதே ஆசிரியர், காலையில் போலித் தடயத்தை வைத்துவிட்டு நம்பச் சொல்கிறார். இந்தப் பொருளின் மீது எனக்குள்ள முதன்மையான மறுப்பு இதுதான். இது ஒரு மதத்தின் பண்டிகை என்ற மறுப்புகூட எனக்கு இரண்டாவதுதான்.

இதனால் பிள்ளைகளின் மனம் உடைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சான்டா உண்மையல்ல என்று அறிந்த பிள்ளைகளைப் பற்றி 1994இல் வெளியான ஓர் ஆய்வு, சராசரியாக ஏழு வயதளவில் அவர்கள் தாங்களாகவே அதைக் கண்டுபிடித்தார்கள் என்றும், பெரும்பாலும் நல்லபடியாகவே எடுத்துக்கொண்டார்கள் என்றும் தெரிவிக்கிறது, வருந்தியவர்கள் பெற்றோர்கள்தான். ஏழு வயது என்பது முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆக, எந்த வகுப்புகளில் எல்ஃப் அதிகம் அமர்கிறதோ அதே வகுப்புகளில்தான் நம்பும் பிள்ளையும், சந்தேகிக்கும் பிள்ளையும், அறிந்துவிட்ட பிள்ளையும், எந்தக் காலத்திலும் நம்பியிராத பிள்ளையும் ஒரே மேசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் அறிந்த பிள்ளைகள் வாயைத் திறக்கக் கூடாது என்ற சுமை சொல்லாமலேயே வந்து விழுகிறது. 2018இல் நியூ ஜெர்ஸியின் மான்ட்வில் நகரில் ஒரு மாற்று ஆசிரியர், சான்டாவும் இல்லை, எல்ஃபை நகர்த்துவதும் பெற்றோர்தான் என்று முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிவிட, பெற்றோர்கள் கொதித்தெழுந்து அது நாடறிந்த செய்தியாயிற்று. வளர்ந்த ஓர் ஆசிரியருக்கே அந்தப் பாடு என்றால், ரகசியத்தைக் காக்க வேண்டிய ஆறு வயது யூதப் பிள்ளையின், முஸ்லிம் பிள்ளையின், இந்துப் பிள்ளையின் நிலை என்ன? என் மகள் வீட்டுக்கு வந்து, ‘அம்மா, நம் வீட்டுக்கு மட்டும் ஏன் எல்ஃப் வரவில்லை, நான் கெட்ட பட்டியலில் இருக்கிறேனா?’ என்று கேட்டபோது, கொலுவும் கார்த்திகை விளக்குமாக எங்கள் வீட்டிலேயே போதுமான பண்டிகைகள் இருக்கின்றன என்று நான் சொன்ன விடை அவளுடைய கேள்விக்கு விடையே அல்ல. அவள் கேட்டது பண்டிகையைப் பற்றி அல்ல, பட்டியலைப் பற்றி. எல்ஃப் நாள்தோறும் சிறு பரிசுகள் கொண்டுவரும் வீடுகளின் கதையும் பள்ளிப் பேருந்தில் சேர்ந்தே பயணம் செய்கிறது என்பதை வேறு சொல்ல வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், பொம்மைக்குத் தடையிருக்க வாய்ப்பில்லை. அரசு எந்த மதத்தையும் நிலைநாட்டக் கூடாது என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம். ஆனால் சான்டா, கலைமான், அலங்கார மரம் போன்றவற்றை நீதிமன்றங்கள் பெரும்பாலும் மதச்சார்பற்ற குளிர்கால அடையாளங்களாகவே கருதிவந்திருக்கின்றன. ரோட் ஐலண்டின் பாட்டக்கெட் நகரம் சான்டா வீட்டோடு சேர்த்து இயேசு பிறப்புக் குடிலையும் வைத்ததை உச்ச நீதிமன்றம் 1984இல் 5க்கு 4 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. 1989இல் பிட்ஸ்பர்க் வழக்கில், நீதிமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் தனியாக வைத்த குடில் கூடாது, அலங்கார மரத்துக்கு அருகில் வைத்த யூத மெனோரா விளக்கு கூடும் என்று பிரித்துச் சொன்னது. பள்ளிகளைப் பொறுத்தவரை, தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் பள்ளி மாவட்டத்தின் விடுமுறை நிகழ்ச்சி விதிகளை 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. டெக்சஸ் 2013இல் ஒரு சட்டமே இயற்றி, பள்ளிகளில் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லவும், ஒன்றுக்கு மேற்பட்ட மதங்களின் அடையாளங்களை அல்லது ஒரு மத அடையாளத்தோடு மதச்சார்பற்ற ஒன்றையும் சேர்த்து வைக்கவும் வெளிப்படையாக அனுமதித்தது.

சட்டம் விடுகிறது என்பதாலேயே எல்லோருக்கும் பொதுவானதாகிவிடுமா என்பது வேறு கேள்வி. இந்தச் சண்டையை இப்போது குடியேறிய ஆசியர்கள் கொண்டுவந்ததாக எண்ணுபவர்களுக்கு ஒன்றை நினைவூட்டலாம். 1906ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், பள்ளிகளில் நடந்த கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளைக் கண்டித்து நியூயார்க் நகரில் ஆயிரக்கணக்கான யூதப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். நூறாண்டுக்கு மேலாகியும் கேள்வி அதேதான். யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் கிறிஸ்துமஸையும் பிறந்தநாளையும் கொண்டாடுவதில்லை. வகுப்பில் விருந்து நடக்கும் மணிநேரத்தில் அவர்களுடைய பிள்ளை நூலகத்தில் அமர்ந்து படித்துவிட்டு வரலாம், அதற்குப் பள்ளிகள் இடம் தருகின்றன. எல்ஃப் அப்படியல்ல. அது டிசம்பரின் எல்லாப் பள்ளி நாட்களிலும், கணக்கு நேரத்திலும் வாசிப்பு நேரத்திலும் அறைக்குள்ளேயே இருக்கிறது. விலகிக்கொள்ள ஒரு கதவு இல்லாத கொண்டாட்டம் இது. யூதக் குடும்பங்களுக்காக மென்ச் ஆன் எ பென்ச் என்றொரு பொம்மையும் பின்னாளில் சந்தைக்கு வந்தது. அதையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டால் சமநிலை வந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அலமாரி நிறையுமே தவிர, நான் மேலே சொன்ன எதுவும் தீராது.

அப்படியானால் டிசம்பர் வகுப்பறையில் கற்பனைக்கே இடமில்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, அதுவும் செலவில்லாமல். கிண்டர்கார்டன் வகுப்புகள் பலவற்றில், சுட்டதும் உயிர்பெற்று ஓடிவிடும் இஞ்சி ரொட்டி மனிதனைப் பற்றிய கதையை ஒட்டி, அவனைத் தேடும் விளையாட்டு நடக்கிறது. பிள்ளைகள் கூடி மாவைப் பிசைந்து மனித வடிவில் ரொட்டி செய்து, சுடுவதற்கு அனுப்புவார்கள். போய்ப் பார்த்தால் தட்டில் ஒரு துண்டுச்சீட்டு மட்டும் இருக்கும். அதில் உள்ள குறிப்பைப் படித்துக்கொண்டு செவிலியர் அறை, நூலகம், தலைமையாசிரியர் அறை, துப்புரவுப் பணியாளரின் அறை என்று வரிசையாக ஓடித் தேடி, கடைசியில் தங்கள் வகுப்பிலேயே கண்டுபிடித்துத் தின்றுவிடுவார்கள். குறிப்பைப் படிக்கப் பழகுகிறார்கள், பள்ளியின் இடங்களும் மனிதர்களும் அறிமுகமாகிறார்கள், யாருடைய மதமும் இடையில் வரவில்லை, எவரும் எவரையும் கண்காணிக்கவில்லை. கோதுமை ஒவ்வாமை இருந்தால் அட்டையில் செய்த மனிதனே போதும். ரொட்டி ஓடுமா என்று ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டே கேட்டால், ஆசிரியரும் சிரித்துக்கொண்டே ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று திருப்பிக் கேட்கலாம். விளையாட்டு அதனால் கெடுவதில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது பனிநாள் சடங்கு. பெரும்பனி வரப்போகிறது என்று வானிலை அறிவிப்பு வந்தால், இந்த வடகிழக்கு மாநிலங்களில் பிள்ளைகள் இரவுடையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்கள், தலையணைக்கடியில் கரண்டியை வைக்கிறார்கள், பனிக்கட்டியைக் கழிவறைத் தொட்டியில் போட்டு நீரை இழுத்துவிடுகிறார்கள்; இதையெல்லாம் செய்தால் மறுநாள் பள்ளிக்கு விடுமுறையாம். பாதிப் பேருக்கு நம்பிக்கையில்லை, எல்லோரும் செய்கிறார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது ‘கரண்டியை மறந்துவிடாதீர்கள்’ என்று ஆசிரியர் சொல்வதில் ஒரு வகுப்பே குலுங்கிச் சிரிக்கும். மறுநாள் பனி பெய்யாவிட்டால் எத்தனை பேர் கரண்டி வைத்தீர்கள் என்று கணக்கெடுத்து ஒரு வரைபடம் போடலாம். கரண்டிக்கும் பனிக்கும் தொடர்புண்டா என்று ஆறு வயதுப் பிள்ளைகளே விவாதிப்பார்கள்.

இனி மதிப்பீட்டுக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீட்டில், சான்டாவை நம்பும் வயதில் பிள்ளை இருந்து, ஒவ்வோர் இரவும் எழுந்து பொம்மையை இடம் மாற்றும் பொறுமை பெற்றோருக்கும் இருந்தால், 30 டாலருக்கு இது மோசமான வாங்கல் அல்ல. ஐந்துக்கு மூன்றரை தருவேன். அந்தப் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பொம்மை பிறந்த ஜார்ஜியாவிலேயே காப் மாவட்டத்தின் தலைமை நீதிபதி ஒருவர், களைத்த பெற்றோர்களுக்கான பரிசு என்று சொல்லி, 2021இல் எல்ஃபை மாவட்டத்தைவிட்டே நாடுகடத்தி ஒரு வேடிக்கை உத்தரவு போட்டார். வகுப்பறைப் பொருளாக ஐந்துக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒன்றும் காலை ஐந்து நிமிடத் தேடலுக்குத்தான்.

ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்ட ஆசிரியர்கள் தூக்கி எறிய வேண்டியதில்லை. புத்தகத்தையும் அறிக்கைத் தாள்களையும் பெட்டியிலேயே விட்டுவிட்டு, சிவப்புத் தொப்பிக்குப் பதில் சாதாரணக் குளிர்த்தொப்பி ஒன்றைப் பின்னி மாட்டி, நாள்தோறும் ஒரு பிள்ளை அதை ஒளித்துவைக்க மற்றவர்கள் தேடட்டும் என்று விட்டுவிட்டால் போதும். தொடவும் தூக்கவும் கூடிய பொம்மையாகிவிடும், ஜனவரியிலும் பயன்படும். வகுப்புக்கு இதைப் பரிசாக வாங்கித் தரலாமா என்று யோசிக்கும் பெற்றோர்கள், அந்தப் பணத்துக்குக் கையுறைகள் வாங்கிக் கொடுக்கலாம். குளிர்காலத்தில் ஒற்றைக் கையுறையோடு விளையாட நிற்கும் பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கும், ஆசிரியரின் அலமாரியில் உபரி ஜோடிகள் எப்போதும் போதுவதில்லை.